முழங்காலுக்குப் பின்னால் இரண்டு

மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்று உண்டு. அதன் இரண்டாவது மாடியில், பட்டுப் பிரிவில், கமலாக்ஷி இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். வேலை பார்க்கிறாள் என்பதைவிட நிற்கிறாள் என்பதுதான் பொருத்தம். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் உட்காருவாள். மறுபடி எழுந்தால் கடை அடைக்கும்வரை நிற்பாள். ஐம்பத்திரண்டு வயசு. குள்ளமான, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. ஆனால் எந்தப் புடவையையும் தோளில் போட்டு, ஒரு பக்கமாகத் திரும்பி, தலையைச் சற்றே சாய்த்து அவள் நின்றால் அந்தப் புடவை விற்றுவிடும். ஜன்னல் திரைக்குக்கூட ஆகாது என்று மற்றவர்கள் ஒதுக்கிவைத்த கத்திரிப்பூ நிறப் பட்டு ஒன்றை ஒரு கல்யாணப் பெண்ணின் அத்தை தலையில் அப்படித்தான் கட்டினாள். அந்த அத்தை அடுத்த மாதமே திரும்பி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று எல்லாரும் ஒளிந்துகொண்டார்கள். அவளோ அதே நிறத்தில் இன்னொன்று கேட்டாள்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தாக வேண்டும் என்று கேரளத்தில் சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. அந்தச் சட்டத்துக்கு மரியாதை செய்து பட்டுப் பிரிவுக்கும் நான்கு ஸ்டூல் வந்து சேர்ந்தது. அங்கே பெண்கள் பதினொரு பேர். ஆனால் அந்தக் கணக்குக்கு அவசியமே வரவில்லை. ஸ்டூல்களின் மேல் ஜாக்கெட் துணி அட்டைப்பெட்டிகள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன. சூப்பர்வைசர் இசக்கிராஜா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன், நாற்பது வயசுக்காரன். உட்காராதே என்று அவன் ஒருநாளும் யாரையும் சொன்னதில்லை. யாராவது ஸ்டூல் பக்கம் போனால் அங்கே வந்து நின்று, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவான். அதற்குமேல் யாருக்கு உட்கார மனசு வரும்?

ஆகவே கமலாக்ஷிக்கு வாழ்க்கையில் இருந்த பெரிய ஆசை, ஆசை தீர உட்காருவதுதான்.

அதற்கு வழி செய்து கொடுத்தது மகள் ஸ்நேஹா. டெல்லியில் வேலை கிடைத்து, வாடகைக்கு வீடும் பிடித்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் வந்து பார்க்க வேண்டும் என்றாள். கமலாக்ஷியின் கணவர் வெங்கிடாசலத்துக்குப் பள்ளுருத்தியில் மோட்டார் வைண்டிங் கடை. தண்ணீர் பம்பு எது கெட்டாலும் அவரிடம்தான் வரும். அவர் கடையைப் பூட்டினார், இவள் லீவு எழுதிக் கொடுத்தாள், இரண்டு பேருமாக ரயில் ஏறினார்கள். போக ஐம்பது மணி நேரம், வர ஐம்பது மணி நேரம்.

கமலாக்ஷி ஜன்னலோரத்தில் வலது காலை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்தாள். கொங்கண் குகைகள் போயின, கோவா போயிற்று, அவள் அசையவில்லை. ரயில் கழிவறைக்குப் பயந்து தண்ணீரும் மிடறு மிடறாகத்தான். வெங்கிடாசலம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி சாயா குடித்துவிட்டு வந்தார். சற்று எழுந்து நடக்கச் சொன்னார்.

"இருபத்தாறு வருஷமா நின்னாச்சு. என்னை ஒண்ணு இருக்க விடுங்கோ," என்றாள் கமலாக்ஷி.

திரும்பி வருகிறபோதும் அப்படியே.

செர்லாயில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், வலது கெண்டைக்கால் கல் மாதிரி கனத்தது. நோவென்றும் சொல்ல முடியவில்லை. யாரோ உள்ளே பஞ்சை அடைத்து, அடைத்து, இன்னும் கொஞ்சம் அடைத்துத் தைத்துவிட்டாற்போல இருந்தது. முழங்காலின் பின்மடிப்பில் தொட்டால் ஒரு மந்தமான வலி. வெங்கிடாசலம் காலைப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், ஃபுட் வால்வ் போயிருக்கும் என்றார். கிணற்றுப் பம்பில் ஏறின தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் பிடித்து நிறுத்துகிற வால்வ் அது. கமலாக்ஷிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பின்னால் யோசித்துப் பார்த்தால் மனுஷர் ரொம்பத் தூரம் தவறிப்போகவில்லை. காலிலிருந்து மேலே ஏறுகிற ரத்தத்தைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து நிறுத்த அந்தக் குழாய்களுக்குள்ளும் வால்வுகள் உண்டு.

தெரிந்த டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கலூரில் ஒரு ஸ்கேன் சென்டர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு இளம் டாக்டர் முழங்காலுக்குப் பின்னால் ஜெல்லியைத் தடவினார், கருவியை வைத்து இரண்டு அமுக்கு அமுக்கினார், ஒரு குழப்பமும் இல்லை, அதாவது கோளாறு ஒன்றும் இல்லை, என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மென்மையான குரல். எந்தக் குழப்பத்தையும் தீர்த்துவிடும் போலிருந்த குரல். தசைப்பிடிப்பாக இருக்கும் என்று வலி மாத்திரை எழுதினார்கள்.

கமலாக்ஷி வேலைக்குப் போனாள். நின்றாள். வலி குறையவில்லை.

அவள் பாதி வாழ்க்கை டேப்போடு பழகியவள். ஜாக்கெட் பிரிவுக்கு ஆள் வராத நாளில் அளவெடுப்பதும் அவள்தான். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் புடவையைக் கொஞ்சம் தூக்கி, முட்டிக்குக் கீழே நான்கு விரல் விட்டு, இரண்டு கெண்டைக்காலையும் அளந்தாள். இடது பதின்மூன்றரை அங்குலம். வலது பதினாலேமுக்கால். மறுநாளும் அதே இடத்தில் அளந்தாள். வலது பதினைந்து. அதற்கு மறுநாளும் பதினைந்துக்குக் குறையவில்லை. அவள் அனுபவத்தில், ஒரே ஆளின் இரண்டு கைக்கு ஒன்றரை அங்குல வித்தியாசம் வந்தால் ஒன்று டேப்பில் கோளாறு, இல்லாவிட்டால் ஆளிடம் கோளாறு. டேப்பை இடது காலில் மறுபடி வைத்துப் பார்த்தாள். டேப் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது வெங்கிடாசலம் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து முன்னால் வைத்தார். அத்தனை பெரிய மெஷின் பார்த்துச் சொன்னதை மறுத்து ஒரு துணிக்கடை டேப் என்ன சொல்லிவிட முடியும் என்பது அவருடைய கட்சி. மெஷின் மேல் அவருக்கு மதிப்பு அதிகம். பேச்சு வளர்ந்தது. கமலாக்ஷி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை தான் மட்டும் சுள்ளிக்கல்லுக்குக் கிளம்பினாள். அங்கே உள்ள மருத்துவமனையில் ரத்தக் குழாய்களை நன்றாகப் பார்க்கிற ஸ்கேன் டாக்டர் ஒரு பெண் இருப்பதாகக் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆட்டோ ஏறப் போகும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வெங்கிடாசலம் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து ஏறிக்கொண்டார்.

டாக்டரின் பெயர் அஞ்சனா. முப்பத்தைந்து வயசு இருக்கும். பாலக்காட்டுக்காரி, தமிழ் பேசினாள். கமலாக்ஷி ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. அளவு எழுதிய சீட்டைக் காட்டினாள். அதைப் படித்த அஞ்சனா சிரிக்கவில்லை. தன் மேஜையிலிருந்து ஒரு டேப்பை எடுத்துத் தானும் அளந்து பார்த்தாள்.

"மாமி ஜோரா அளந்திருக்கேளே," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே கமலாக்ஷி அவளை நம்ப ஆரம்பித்தாள்.

இருட்டறை. ஜில்லென்ற ஜெல்லி. கமலாக்ஷி ஒருக்களித்துப் படுத்துக் காலைச் சற்று மடித்துக்கொண்டாள். புடவை காட்டுகிறவளுக்குத் தன்னை யாராவது பார்க்கும்போது தானும் பார்க்க வேண்டும் என்று இருக்காதா? எனக்கும் காட்டுங்கோ என்று கேட்டாள். அஞ்சனா திரையை அவள் பக்கம் திருப்பினாள். சாம்பலும் கறுப்புமாக மழைக்காலக் காயல் மாதிரி இருந்தது.

"இதோ, ரூபாய் வட்டம் மாதிரி துடிக்கறதே, இது ஆர்ட்டரி. கீழே ரத்தம் கொண்டு போறது. இதை அமுக்கினா லேசுல மூடாது. இதுக்கு மேலே, தோலுக்குக் கிட்டக்க இருக்கே, இதாக்கும் வெயின். ரத்தம் திரும்பி மேலே போற வழி. இது நல்லதா இருந்தா, அமுக்கினா வாய் மூடற மாதிரி மூடிக்கணும்."

அமுக்கினாள். மூடிக்கொண்டது. கையை எடுத்தாள். திறந்துகொண்டது. நல்ல பிள்ளையாக மறுபடி மூடி மறுபடி திறந்தது.

கமலாக்ஷிக்கு மனசு விட்டுப்போயிற்று. இங்கேயும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லப் போகிறாள், வெளியே உட்கார்ந்திருக்கிற மனுஷர் ஒரு மாதத்துக்கு டேப்பைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தாள். ஆனால் அஞ்சனா கையை எடுக்கவில்லை. கருவியை ஒரு விரற்கடை நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். துடிக்கிற வட்டத்துக்கு மறுபக்கம், ஒதுங்கினாற்போல, இன்னொரு வட்டம். அமுக்கினாள். மூடவில்லை. பலமாக அமுக்கினாள். பக்கத்தில் இருந்ததெல்லாம் நசுங்கிற்று. அது மட்டும் மாவு அடைத்த குழல் மாதிரி அப்படியே நின்றது.

"மாமி, உங்களுக்கு ரெண்டு இருக்கு," என்றாள் அஞ்சனா.

"எது ரெண்டு?"

கெண்டைக்காலிலிருந்து வருகிற சின்னச் சின்ன வெயின்கள் எல்லாம் முழங்காலுக்குப் பின்னால் ஒன்றுகூடி ஒரே பெரிய வெயினாக மேலே ஏறும். சிலருக்கு அவை கூடுகிறபோதே ஒத்துப்போகாமல் இரண்டாகவே தொடைவரை போகும். ஒன்று சுத்தமாக இருக்கிறது, முதல் ஸ்கேனில் அதைத்தான் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பதில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. இவ்வளவையும் அஞ்சனா நிதானமாகச் சொன்னாள்.

"லோகத்துல எனக்கு மாத்ரமா இப்படி?" என்று கமலாக்ஷி கேட்டாள். குரலில் பயம் பாதி, மீதிப் பாதி வேறு.

அஞ்சனாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. நூறு பேரை எடுத்தால் ஐந்தாறு பேருக்காவது இருக்கும் என்று சொல்லிவிட்டாள். கமலாக்ஷிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் நூறு புடவையில் ஐந்து என்றால் அது குறைந்த சரக்குதான், அலமாரியின் மேல்தட்டில் வைக்கிற சரக்கு, என்று அப்போதே சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்து அஞ்சனா சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த உறைந்த கட்டி உடைந்து கிளம்பினால் நேரே நுரையீரலுக்குப் போய் உட்காரும். போய்விட்டால் ஆளைக் காப்பாற்ற நேரம் கிடைக்காமலும் போகலாம். கமலாக்ஷி ஜெல்லியைத் துடைத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, வெளியே வந்து, வராந்தாவில் வெங்கிடாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடை மாடிப்படியில் அந்தக் காலை வைத்துக்கொண்டு எத்தனை தடவை ஏறி இறங்கினோம் என்று எண்ணப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. அழுகை வந்தது. வெங்கிடாசலம் கைக்குட்டையைக் கொடுத்தார். அதில் கிரீஸ் இருந்தது. அவள் புடவைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டாள்.

விஷயத்தை அவர் முழுக்கக் கேட்டார்.

"தோப்பும்படியிலே பழைய பாலம் ஒண்ணு, பி.ஓ.டி. பாலம் ஒண்ணு, ரெண்டு இருக்கு," என்றார். "ஒரு பாலத்துல மாத்ரம் போய் நின்னு பார்த்துட்டு பிளாக் இல்லைன்னு பறஞ்சுட்டான். நானும் அதை விஸ்வசிச்சேன், கமலா."

இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அவர் மன்னிப்புக் கேட்டதற்கு மிக நெருங்கி வந்தது அன்றைக்குத்தான்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இறுக்கமான காலுறை, தினமும் நடை. அதிக நேரம் நிற்கக்கூடாது, அதிக நேரம் உட்காரவும் கூடாது. நடுநடுவே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். கெண்டைத் தசை இறுகித் தளரும்போதுதான் அந்த வெயின் ரத்தத்தை மேலே தள்ளும் என்றாள் அஞ்சனா. அதாவது பம்பு. இதைக் கேட்டது முதல் வெங்கிடாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியின் காலைத் தன் தொழிலில் சேர்த்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கமலாக்ஷி கடைக்குப் போனாள். வாடிக்கையாளர் எதிரே காஞ்சிபுரத்தை விரித்துக் காட்டிக்கொண்டே குதிகாலைத் தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள். கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவள் படகில் நிற்பது மாதிரி தெரிந்தது. ஒரு அம்மாள் தலை சுற்றி, தண்ணீர் கேட்டாள். இசக்கிராஜா வந்து பக்கத்தில் நின்றான்.

கமலாக்ஷி டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தாள். அவன் இரண்டு தடவை படித்தான். ரெண்டு வெயின் என்றால் என்னவென்று கேட்டான். அவள் இரண்டு பாவாடைத் துணியைக் குழல் மாதிரி சுருட்டிக் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றின் உள்ளே கந்தலைத் திணித்தாள். இரண்டையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். அவன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். வெறுமனே இருந்தது தட்டையாகிவிட்டது, திணித்தது நின்றது. மற்ற பெண்களும் கூடிவிட்டார்கள். பெருமூச்சு வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். இசக்கிராஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து, தன் பேண்ட்டின் இடது காலைச் சுருட்டினான். கெண்டைக்காலில் வெயின்கள் பச்சைக் கயிறு மாதிரி புடைத்து முறுக்கிக்கொண்டிருந்தன.

"எனக்கும் இப்படி இருக்குக்கா," என்றான் மெதுவாக. "ஆறு வருசமா இருக்கு. வீட்டுல கூடச் சொல்லல."

கமலாக்ஷி அவனை அப்போதே சுள்ளிக்கல்லுக்கு அனுப்பப் பார்த்தாள். அவன் அடுத்த வாரம்தான் போனான். அவனுடையது தோலுக்கடியில் ஓடுகிற மேல்வெயின்தான், ஆழத்தில் அடைப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அவன் பேண்ட்டைச் சுருட்டிய மறுநாள் காலையிலேயே ஸ்டூல்களின் மேலிருந்த அட்டைப்பெட்டிகள் இறங்கிவிட்டன. மாதம் முடிவதற்குள் இன்னும் ஏழு ஸ்டூல் வந்தது. அந்த மாதம் முழுவதும் சாப்பாட்டு அறையில் டேப்புக்கு ஓய்வில்லை. பதினொரு பேரும் தங்கள் கால்களை அளந்து ஒப்பிட்டுக்கொண்டார்கள். தனக்கு மூன்று இருக்கலாம் என்று ரோஜா என்கிற பெண் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கமலாக்ஷி அதை ரசிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். கட்டி பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். வீக்கம் வற்றி, அளவு பதின்மூன்றேமுக்காலுக்கு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது அஞ்சனா ஒரு உதவி கேட்டாள். அடுத்த மாதம் மருத்துவமனையில் இளம் டாக்டர்களுக்கு ஸ்கேன் பயிற்சி நடக்கிறது. மாமி வந்து படுத்தால் போதும். இரண்டு இருப்பதை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கமலாக்ஷி இரண்டு நாள் யோசித்தாள். இத்தனை வருஷமாக ஊராருக்கு முன்னால் ஆயிரக்கணக்கான புடவைகளைத் தன் மேல் போட்டுக் காட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தன்னைக் காட்டியதில்லை. வெங்கிடாசலத்துக்கும் இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முழங்காலின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் போர்வைக்குள் என்று அஞ்சனா உறுதி சொன்ன பிறகு கமலாக்ஷி சரி என்றாள். அவரும் கூட வருவதாகச் சொன்னார். காவலுக்கு என்று சொல்லவில்லை.

மருத்துவமனையில் நீல நிறத்தில் தொளதொளவென்று ஒரு அரைக்கால்சட்டை கொடுத்தார்கள். கமலாக்ஷி வாழ்நாளில் முதல்முறையாக அரைக்கால்சட்டை போட்டாள். போட்டதும் முதல் வேலையாக அதன் ஓரத் தையலைத் திருப்பிப் பார்த்து, இந்தத் தையலுக்குத் துணியை வீணாக்கியிருக்கிறார்கள் என்று நர்ஸிடம் சொன்னாள். இந்தத் தடவை குப்புறப் படுக்கச் சொன்னார்கள். படுத்ததும் அவளுக்குத் தரையும் செருப்புகளும் மட்டும்தான் தெரிந்தன. நிபந்தனை ஒன்றே ஒன்று. வாயைத் திறக்கக்கூடாது.

பதினான்கு டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளை ஷூ வந்து, அமுக்கி, ஒன்று என்று சொல்லிப் போயிற்று. வார் செருப்பு துடிக்கிற ஆர்ட்டரியையே வெயின் என்று சாதித்து, அஞ்சனாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. உயரக் குதிகால் செருப்பு ஒன்று எலும்பையே அமுக்கிற்று. இத்தனை நாளில் கமலாக்ஷிக்குத் தன் காலில் இரண்டாவது எங்கே இருக்கிறது என்று அமுக்குகிற இடத்தை வைத்தே தெரியும். கருவி அதை நெருங்கி வந்து, ஒரு விரற்கடையில் திரும்பிப் போகும்போது அவளுக்கு உடம்பெல்லாம் பதறிற்று. உயரக் குதிகால் மூன்றாவது முறை திரும்பியபோது அவளை அறியாமல் ஒரு இருமல் வந்துவிட்டது. கருவி நின்றது, சந்தேகப்பட்டது, பின்னால் வந்தது, கண்டுபிடித்தது. அடுத்த ஆளுக்கும் சரியான இடத்தில் இருமல் வந்தது.

"மாமி, இருமப்படாது," என்றாள் அஞ்சனா.

ஒன்பதாவதாகத் தவிட்டு நிற ஷூ ஒன்று வந்தது. ஸ்ரீநாத் என்று யாரோ கூப்பிட்டார்கள். ஜெல்லி கொஞ்சம் குளிராக இருக்கும், சேச்சி பயப்படக்கூடாது என்று மலையாளத்தில் சொன்னார். அந்தக் குரல். ஒரு குழப்பமும் இல்லை என்று சொன்ன அதே மென்மையான குரல்.

அவருக்கு அவள் முகம் தெரியாது. தெரிந்தது முழங்காலின் பின்பக்கம்தான். முழங்கால் மடிப்பை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? கருவி வந்தது, சுத்தமான வெயினைக் கண்டது, அமுக்கிற்று, விட்டது. கமலாக்ஷி பல்லைக் கடித்துக்கொண்டாள். இருமவே மாட்டேன் என்று தீர்மானம் செய்தாள். அன்றைக்கு உனக்கு யார் இருமினார்கள்? தெரிந்தால் கண்டுபிடி, இல்லாவிட்டால் இத்தனை பேர் முன்னால் அசடு வழிந்துவிட்டுப் போ.

கருவி கிளம்பப் பார்த்தது. கிளம்பவில்லை. மறுபடி இறங்கிற்று. மெல்ல, மிக மெல்ல, முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்து, ஒரு நூல்கூட விடாமல் மேலே வந்தது. பக்கவாட்டில் சாய்ந்தது. இரண்டாவதின் மேல் வந்து நின்றது. ஒரு தடவை அமுக்கிற்று.

இரண்டு என்றார் ஸ்ரீநாத். ஒன்றில் பழைய தழும்பு இருக்கிறது என்றும் சொன்னார். அந்த அறையில் தழும்பைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். கமலாக்ஷிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. எத்தனை மாதமாகச் சேர்த்து வைத்த கோபம்!

சாயா நேரத்தில் அவர் தேடிக்கொண்டு வந்தார். மெலிந்த உடம்பு, கண்ணாடி. கண்ணுக்குக் கீழே தூக்கம் போதாத கறுப்பு. அந்த அடைப்பு எப்போது வந்தது, முதலில் எங்கே பார்த்தார்கள் என்று கேட்டார். கமலாக்ஷி கலூர் என்றாள். மாதத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஞானாயிருன்னு, அல்லே சேச்சி," என்றார். நான்தான் இல்லையா, என்று.

அவள் தலையாட்டினாள். ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அது காரணமில்லை, நல்லதாக ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டேன் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கமலாக்ஷி அவரைப் பார்த்தாள். ஸ்நேஹாவைவிட மூன்று நான்கு வயசு மூத்தவராக இருப்பார். திட்டுவதற்கு அருமையான சந்தர்ப்பம். வாக்கியங்களைக்கூட முன்பே தயாராக வைத்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சாரமில்லை மோனே, பரவாயில்லை. புடவை எடுக்க வரவாளுக்கு முதல் புடவையே பிடிச்சுப்போயிட்டா, நாங்களும் அடுத்ததை எடுத்துக் காட்டறதில்லை. கை வலிக்குமோன்னோ," என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா அலமாரியிலே இன்னொண்ணு இருக்குன்னு ஓர்மை இருக்கணும்," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. சரி சேச்சி என்று மட்டும் சொன்னார். அன்று முதல் யாருக்கு ஸ்கேன் செய்தாலும் கெண்டைக்காலில் தொடங்கி மேலே வரை விடாமல் பார்ப்பதாகப் பின்னாளில் அஞ்சனாவிடம் சொன்னாராம். வரிசை நீண்டுபோய், வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்களாம்.

சாயாவுக்குப் பிறகு ஒரு சிக்கல். ஒற்றை வெயின் உள்ளவர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. அந்த ஆள் வரவில்லை. அஞ்சனாவின் கண் மூலையில் உட்கார்ந்திருந்த வெங்கிடாசலத்தின் மேல் விழுந்தது. அவர் முதலில் மறுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிப் படுத்தார். படுத்தவர் பயப்படவில்லை. எதிர்பார்ப்போடு இருந்தார். அதைக் கமலாக்ஷி கவனித்தாள்.

இரண்டு காலிலும் பார்த்தார்கள். வலதில் ஒன்று. இடதில் ஒன்று. இரண்டும் சுத்தம், அமுக்கினால் அழகாக மூடின, வால்வுகள் கச்சிதம். பாடப்புத்தகத்தில் போடலாம் என்று அஞ்சனா பாராட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணுதானா? நன்னா பார்த்தேளோ?" என்று வெங்கிடாசலம் கேட்டார்.

நன்றாகப் பார்த்தாயிற்று என்றார்கள். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். ஸ்ரீநாத்தே வந்து அடி முதல் நுனி வரை பார்த்தார். ஒன்றுதான்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் மனுஷர் தன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே வந்தார். கருவேலிப்படி தாண்டும்போது, எண்ணிக்கையில் என்ன இருக்கிறது, வால்வ் நன்றாக இருந்தால் ஒரு குழாய் போதும் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். கமலாக்ஷி ஆமாம் என்றாள். வால்வைப் பற்றி அந்த டாக்டர் அவ்வளவு புகழ்ந்தாளே என்றும் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. செர்லாய் வந்து இறங்கியதும், இன்னும் வெளிச்சம் இருக்கிறது, இரண்டு சுற்று நடந்துவிட்டு உள்ளே போகலாம் என்றார். கோவில் குளத்தைச் சுற்றி இரண்டு பேரும் நடந்தார்கள். கமலாக்ஷி இரண்டு சுற்றில் நிற்கவில்லை. நான்காவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கிற்று.